சாத்தூர் ஒப்போலையும் தமிழும்

(வெம்பக்கோட்டையில் நடந்த திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

கூட்டம் நடத்துவோர் முதலில் எனக்குக் கொடுத்த தலைப்பு வைப்பாற்றங்கரை நாகரிகம் என்பது. ஊர்ப்பெருமை பேசுவது எளிது. 2022 மார்ச்சில் விசயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில் மண்ணைக் கிளறத் தொடங்கினார்கள். முதற்கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் கிடைத்தன. சங்கு வளையலும் கண்ணாடி மணியும் செய்த கைகள் நம் முன்னோர் கைகள். அவற்றைப் பேசினால் நீங்கள் கைதட்டுவீர்கள்; யானும் மகிழ்வோடு வீடு திரும்புவேன். ஆனால் அண்மையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒரு தாள் என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதனால் தலைப்பை மாற்றிக் கேட்டேன். மண்ணுக்கு அடியில் கிடந்த தமிழனை விடுத்து, ஒப்போலைப் பெட்டிக்கு முன்னே நின்ற தமிழனைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்று நம் ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறதோ, அந்தச் சாத்தூர்த் தொகுதியின் வரலாறுதான் பேச்சு. தொகுதிகளின் எல்லைக்கோடுகள் பலமுறை அழித்து வரையப்பட்டன. சாத்தூர் என்ற பெயர் மட்டும் அழியாமல் நின்றது.

கதையை 1957-இல் தொடங்குவது வழக்கம். யான் அதற்கு ஓராண்டு முன்னே தொடங்குகிறேன்.

1956 சூலைத் திங்கள் 27-ஆம் நாள் விருதுநகரில் ஒரு முதியவர் உண்ணாநோன்பில் அமர்ந்தார். அவர்தாம் ஈகி சங்கரலிங்கனார். பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தார். சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அரசு அலுவல்கள் தமிழில் நடக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அறிஞர் அண்ணா நேரில் வந்து பார்த்தார். நோன்பு நீண்டுகொண்டே போயிற்று. அக்தோபர் 13-ஆம் நாள் மதுரை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. பேராயக் கட்சியில் வாழ்ந்த அப்பெரியவரின் உடல், அவர் விருப்பப்படியே பொதுவுடைமைக் கட்சியினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதலமைச்சர் யார்? அதே விருதுநகரில் பிறந்த காமராசர்!

ஐந்து திங்கள்தாம் கழிந்தன. 1957 மார்ச்சில் தேர்தல் வந்தது. 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றம் புகுந்த காமராசர் இம்முறை சொந்த மண்ணுக்கு வந்து சாத்தூரில் நின்றார். முத்துராமலிங்கத் தேவரின் துணையோடு செயராம ரெட்டியார் அவரை எதிர்த்தார். சாத்தூர் மக்கள் காமராசரையே தேர்ந்தெடுத்தார்கள். 1962-இலும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

நம் மேடைகளில் இவ்விடத்தில் ஒரு குரல் எழும். "மொழிக்காக உயிர்விட்டவனின் பிணச்சூடு ஆறுமுன்னே, பெயர்மாற்றத்தை மறுத்தவரை அரியணையில் ஏற்றினரே! மானமற்ற மக்கள்!" என்று சினந்து பேசுவார்கள். இளமையில் யானும் அவ்வாறு பேசியவன்தான். இன்று பேசமாட்டேன்.

ஏன்? எட்டயபுரத்தில் 1956-இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம் கரிசல் காட்டுப் பிள்ளைகளின் வயிற்றை எட்டிப் பார்த்தது. ஊர்தோறும் பள்ளி எழுந்தது. கம்பங்கூழும் இல்லாத வீட்டுப் பிள்ளை கையில் பலகை ஏந்தியது. அதுமட்டுமன்று. தமிழை ஆட்சிமொழி ஆக்கும் சட்டத்தை 1956-இன் இறுதியில் நிறைவேற்றியதும் அதே காமராசர் அரசுதான். பெயரை மறுத்த கையே ஆட்சிமொழிச் சட்டத்தில் ஒப்பமிட்டது! இந்த முரணை விழுங்காமல் இம்மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றை எவனும் எழுத இயலாது. எழுத்தறியாத தாய் ஒருத்தி, தன் மகனுக்கு எழுத்தறிவித்தவருக்கு வாக்களித்ததை மானக்கேடு என்று எழுத்தறிந்த நாம் சொல்லலாமா?

அடுத்தது 1967. இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

1965 சனவரியில் இந்தியை அரியணை ஏற்ற நடுவணரசு முனைந்தபோது தமிழ்நாடே தீப்பற்றி எரிந்தது. அப்போது காமராசர் முதலமைச்சர் அல்லர்; 1963-இலேயே பதவி துறந்து, அகில இந்தியப் பேராயக் கட்சித் தலைவராகி விட்டிருந்தார். சென்னையில் பக்தவத்சலம் ஆண்டார். சுட்டது அவர் அரசின் காவற்படை. ஆனால் கணக்குத் தீர்க்கப்பட்டது விருதுநகரில்! 1967 தேர்தலில் காமராசர் விருதுநகர்த் தொகுதியில் நின்றார். எதிரே நின்றவர் மாணவர் போராட்டத்தில் கிளர்ந்தெழுந்த பெ. சீனிவாசன் என்னும் இளைஞர். சீனிவாசனுக்கு 33,421, காமராசருக்கு 32,136. வேறுபாடு 1,285 வாக்குகளே. தந்தை பெரியார் காமராசரைப் பச்சைத் தமிழர் என்று போற்றி ஊரூராகப் பேசியும் அந்த 1,285-ஐ நிரப்ப முடியவில்லை.

அந்த 1,285-இல் ஒன்று என் தந்தையாருடையது. விருதுநகரில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தேர்தல் முடிவு வந்த இரவு கடைத்தெருவில் வெடி வெடித்தார்களாம். அவரும் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பாட்டி உலைவைக்காமல் அமர்ந்திருந்தாராம். "உன் தம்பி எவன் போட்ட சோத்தைத் தின்னு படிச்சான்?" என்று ஒரே ஒரு வினாதான் கேட்டாராம். என் சிற்றப்பா பகலுணவு உண்டு படித்தவர். தந்தையார் விடை சொல்லவில்லை. தம் இறுதிக்காலம் வரை, "இந்திக்கு எதிராகத்தான் போட்டேன், அவருக்கு எதிராகப் போடவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒப்போலையில் இந்தியின் பெயர் அச்சிடப்படவில்லையே! மாந்தன் பெயர்தானே இருந்தது!

அந்த வாக்கு பிழை என்று யான் சொல்லவில்லை. அதனால் விளைந்ததைப் பாருங்கள். 1967 சூலை 18-இல் அண்ணா தமிழ்நாடு என்னும் பெயர்மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1968 சனவரியில் இருமொழிக் கொள்கை வந்தது. 1969 சனவரி 14 முதல் இது தமிழ்நாடு. சங்கரலிங்கனாரின் முதற்கோரிக்கை பதின்மூன்றாம் ஆண்டில் நிறைவேறியது. அதற்கு விருதுநகர் கொடுத்த விலை, தன் தலைமகனின் தோல்வி.

அதே 1967-இல் சாத்தூர் என்ன செய்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். மொழிப்போர் அலையில் சாத்தூரில் வென்றவர் சுதந்திராக் கட்சியின் இராமசாமி நாயுடு. சாத்தூரில் கல்லூரி ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கட்சி யாருடையது? 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசாசியுடையது! இந்தியை எதிர்த்து எழுந்த அலை, இந்தியைக் கொண்டுவந்தவரின் கட்சியைச் சாத்தூரில் கரை சேர்த்தது. கூட்டணி என்னும் சொல் அன்றே தன் வேலையைக் காட்டிவிட்டது. கட்சியின் பெயராவது தமிழா என்றால் அதுவுமில்லை!

அதற்குப் பின் விரைந்து போகலாம். 1971-இல் பார்வர்டு பிளாக்கின் அழகுத் தேவர் வென்றார். 1977, 1980, 1984 மூன்று தேர்தல்களிலும் அ.தி.மு.க.வின் கே.கே.எசு.எசு.ஆர். இராமச்சந்திரன். 1977-இல் பக்கத்து அருப்புக்கோட்டையிலேயே ம.கோ. இராமச்சந்திரன் நின்று வென்று முதலமைச்சரானார். அந்தக் காற்று இங்கும் அடித்தது. பின்னர் இரு கழகங்களும் மாறிமாறி வந்தன. 2006-இல் அதே கே.கே.எசு.எசு.ஆர். தி.மு.க. சார்பில் சாத்தூரில் வென்று அமைச்சரானார். கட்சி மாறினாலும் ஆள் மாறவில்லை, ஆள் மாறினாலும் சாதிக்கணக்கு மாறவில்லை என்பதே இவ்வாண்டுகளின் சுருக்கம். தெருமுனையில் தமிழ் வாழ்க என்று எழுதிய வண்ணத்தின் கீழே, எந்தத் தெருவில் எத்தனை தலைக்கட்டு என்று எழுதிய தாள் புழங்கியது. தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியன் யான், எனக்குத் தெரியும்.

ஆயினும் அந்த 2006-ஐ விட்டுவிடக் கூடாது. அவ்வாண்டு திசம்பர் 6-ஆம் நாள், சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழை வழக்குமொழியாக்க வேண்டும் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது சாத்தூரின் உறுப்பினர் அமைச்சரவையிலேயே இருந்தார். தீர்மானம் தில்லிக்குப் போயிற்று. தில்லி மறுத்தது. சங்கரலிங்கனாரின் இன்னொரு கோரிக்கை மன்றத்தின் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது.

2011-இல் ஆர்.பி. உதயகுமார். 2016-இல் எசு.சி. சுப்பிரமணியன். இருவரும் அ.தி.மு.க.வினர். இனி வருவது நம் ஊர் வயிற்றில் அடித்த காலம். 2017 செபுதம்பர் 18-இல் பேரவைத் தலைவர் பதினெட்டு உறுப்பினர்களின் பதவியைப் பறித்தார். சுப்பிரமணியன் அவர்களுள் ஒருவர். வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. சாத்தூருக்கு உறுப்பினர் இல்லை. அந்த நிலையில்தான், 2018 அக்தோபர் 23-இல், பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் உச்சநயன்மன்றம் தடை விதித்தது. இரண்டே நாள் கழித்து, பதவிப் பறிப்பு செல்லும் என்று சென்னை உயர்நயன்மன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்பும் ஆங்கிலத்தில்.

வெடியாலைகள் திங்கள் கணக்கில் மூடிக் கிடந்தன. மருந்து கலக்கத் தெரிந்த கைகள் மரம் வெட்டப் போயின. என் வகுப்பில் காலைப் பொழுதில் மயங்கி விழுந்த பிள்ளைகளை யான் தூக்கிக் கிடத்தியிருக்கிறேன். 'எங்கள் தொழில் செத்துக்கொண்டிருக்கிறது' என்று சட்டமன்றத்தில் எழுந்து சொல்லச் சாத்தூருக்கென ஒரு வாய் இருபது திங்கள் இல்லை. 2019 ஏப்பிரல் 18 இடைத்தேர்தலில் இராசவர்மன் சில நூறு வாக்குகளில் வென்ற பிறகே அந்த இருக்கை நிறைந்தது.

பின்னர் 2021. பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் வெடியாலை தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் சாம்பல் காயுமுன்னே, ஏப்பிரல் 6-இல் வாக்குப்பதிவு. ம.தி.மு.க.வின் இரகுராமன் உதயசூரியன் அடையாளத்தில் நின்று வென்றார். பரப்புரை வண்டிகள் அச்சங்குளம் சாலையில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுக் கடந்தன. அந்த அளவு நாகரிகம் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி என் உறக்கத்தைக் கெடுத்த தாளுக்கு வருகிறேன்.

பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் அம்மையார். கணவர் வேறொரு தீநேர்ச்சியில் இறந்தவர். ஊரும் பெயரும் வேண்டா. இழப்பீடு கேட்டு மனுச் செய்திருந்தார். ஆணை அஞ்சலில் வந்தது. ஆறு பக்கம், ஆறும் ஆங்கிலம். ஏதோ பணம் வரப்போகும் தாள் என்றெண்ணி, கணவர் படத்துக்குப் பின்னே செருகி வைத்துவிட்டார். பல கிழமை கழித்து என்னிடம் கொண்டுவந்தார். நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தமிழைத் தடையின்றிப் படிப்பார். தாளை நீட்டிக்கொண்டு, "ஐயா, இதுல எங்க வீட்டுக்காரு பேரு எங்கன இருக்கு?" என்றார். யான் விரல் வைத்துக் காட்டினேன். தம் கணவர் பெயர் எது என்றே தெரியாத எழுத்தில் அவர் வாழ்வு தீர்க்கப்பட்டிருந்தது.

என் ஆங்கிலம் தமிழாசிரியனின் ஆங்கிலம். இரண்டு மாலைப் பொழுது ஆயிற்று படித்து முடிக்க. இறந்தவர் அந்த ஆலையில் வேலை செய்ததற்குப் பதிவேட்டில் சான்று இல்லை; ஆதலால் மனு தள்ளுபடி. இதுதான் ஆறு பக்கத்தின் சாரம். மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் உண்டு. தாள் என் கைக்கு வந்தது ஐம்பத்தோராம் நாள்!

மதுரைக்கு ஓடினோம். வழக்கறிஞர் நல்லவர், இரண்டே நாளில் மனு எழுதினார். அதுவும் ஆங்கிலத்தில்தான், உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளையில் வேறு வழியில்லை. அம்மையார் கடைசிப் பக்கத்தில் தமிழில் கையொப்பமிட்டார். அந்தக் கட்டில் இருந்த தமிழ் அவ்வளவே.

1956-இல் தமிழ் ஆட்சிமொழி. 1969-இல் தமிழ்நாடு. 2006-இல் தீர்மானம். அம்மையாரின் மாமியார் காமராசருக்கு வாக்களித்தவராம்; அவரே சொன்னார். அம்மையார் 2021-இலும் வரிசையில் நின்று வாக்களித்தவர். அவரிடம் யான் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அது மன்றத்தின் வேலை. நம் வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் தலைப்பை மாற்றினேன். அடுத்த ஞாயிறு முதல் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். வீட்டில் ஆங்கிலத் தாள் எது கிடந்தாலும், படத்துக்குப் பின்னே செருகியிருந்தாலும், எடுத்து வாருங்கள். படித்துத் தமிழில் எழுதித் தருகிறேன். முன்வரிசை இளைஞர்களுள் சட்டம் படித்தவர் இருவர் இருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி வெட்கப்படுத்தமாட்டேன். திண்ணையில் இடம் இருக்கிறது. தேர்தலில் எவர் நின்றாலும், வாக்குக் கேட்டு நம் தெருவுக்குள் வரும்போது, அந்த ஆறு பக்கத்தின் படி ஒன்றை அவர் கையில் கொடுத்து, படித்துப் பொருள் சொல்லுங்கள் என்று கேட்போம். படி எடுக்கும் செலவுக்கு உண்டியல் வாயிலில் இருக்கிறது.