கடல் கடக்கும் பொதியும் சுங்கத் தீர்வையும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நமக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் காப்பியச் சுவையை எடுத்துரைத்து உங்கள் செவிக்கு நல்விருந்து அளித்தனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எடைத்தட்டுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் இடையே காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு அத்தகைய பொருள் கைவராது. ஆதலின் நாம் அறிந்த தொழிலை ஒட்டிய பொருளொன்றையே எடுத்துக்கொண்டோம். கடல் கடந்து வாழும் நம் மக்களுக்கு நாம் அனுப்பும் பொதிகள்மீது அந்நாடுகள் விதிக்கும் சுங்கத் தீர்வையைப் பற்றியதே அது.

இப்பொருளுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நம் தந்தையர் காலத்தில் அப்பளமும் வடகமும் புளியும் சென்னை வழியாகக் கிராண்டு டிரங்கு எக்ஸ்பிரஸில் ஏறி இந்த நாகபுரி நிலையத்தில் வந்திறங்கின. அன்று நாம் பெறுவோராக இருந்தோம். இன்றோ நம் பிள்ளைகள் பிராங்க்பர்ட்டிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறியிருக்க, நாம் அனுப்புவோராகிவிட்டோம். ஊரைப் பிரிந்தவர்க்கு வீட்டுப் பண்டத்தின் அருமை எத்தகையது என்பதை நாகபுரித் தமிழர்க்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்பண்டம் பிள்ளையின் கையைச் சேருமுன் சுங்கச் சாவடியில் சிக்குமானால், அத்துன்பம் நம் வீட்டுத் துன்பமே அன்றோ?

சுங்கம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களின்மீது சோழர்களின் புலி இலச்சினையைப் பொறித்து, உல்கு என்னும் சுங்கம் தண்டிய காவலர்களைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் பெற்றான். ஒரு மன்னனுக்கு அப்பெயர் புகழாக நின்றது எனின், சுங்கத்தின் சுமையை மக்கள் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பது விளங்கும். இக்காலத்துக்கு வருவோமாயின், மகாராஷ்டிர நகரங்கள் பலவற்றின் எல்லையில் ஆக்ட்ராய் என்னும் தீர்வை தண்டப்பட்டதை இங்குள்ள பலரும் அறிவர். மும்பையில் அது 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை நீடித்தது. ஊரெல்லைக்கே தீர்வை இருந்ததெனில், நாட்டெல்லைக்கு இருப்பதில் வியப்பில்லை.

இனி, தீர்வை எவ்வாறு விழுகிறது என்பதைக் காண்போம். நாம் அஞ்சலகத்திலோ கூரியர் கடையிலோ கட்டும் பணம் பொதியைச் சுமந்து செல்வதற்கான கூலி. பொதி சென்றடையும் நாட்டின் இறக்குமதித் தீர்வையும், அந்நாட்டு விற்பனை வரியை ஒத்த வரியும் அதனின் வேறானவை. மேலும், அவற்றைச் சுங்கத்தாரிடம் கட்டிப் பொதியை விடுவித்துத் தரும் அஞ்சல் துறையோ கூரியரோ தமக்கெனக் கையாளும் கட்டணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வதுண்டு. சிறிய பொதியாயின் வரியைவிட இக்கட்டணமே மிகுதியாகிவிடும். இவை யாவற்றையும் பொதுவாகக் கட்டவேண்டியவர் பெறுபவரே. இதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் அன்பை அனுப்பினோம் என்று மகிழ்ந்திருக்க, அங்கே பிள்ளையின் வாயிலில் பணம் கேட்கும் சீட்டு வந்து நிற்கிறது.

அன்பளிப்புக்கு விலக்கு இல்லையா எனின், உண்டு. ஆனால் வரம்பு உண்டு. தனியொருவர் தனியொருவர்க்கு அனுப்பும் அன்பளிப்பு பிரிட்டனில் 39 பவுன் வரையும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ வரையும், கனடாவில் 60 கனடா டாலர் வரையும் விலக்குப் பெறுகிறது. ஒரு பட்டுப் புடவை இவ்வரம்புகள் அனைத்தையும் ஒருங்கே தாண்டிவிடும். பிரிட்டனுக்கு ஒரே பெட்டியில் மகள், மருமகன், பேரன் ஆகியோர்க்குத் தனித்தனி அன்பளிப்பு வைப்பதாயின், ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டிப் பெயரெழுதி, படிவத்திலும் தனித்தனியே குறித்தால், ஒவ்வொருவர்க்கும் விலக்குக் கிடைக்கும். இதனை அறியாது எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து, மொத்த மதிப்பை எழுதுவோரே மிகுதி.

அமெரிக்காவின் நிலை தனியே சொல்லத்தக்கது. அங்கு 2016 முதல் 800 டாலர் மதிப்புவரை வந்த சிறு பொதிகள் தீர்வையின்றி நுழைந்தன. நம்மவர்க்கு அது பழகிப்போயிற்று. 2025 ஆகஸ்டு 29 முதல் அச்சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. தீர்வையை யார் தண்டுவது, எவ்வாறு செலுத்துவது என்பது தெளிவாகாமையால், நம் அஞ்சல் துறை ஆகஸ்டு 25 முதலே அந்நாட்டுக்குப் பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்தியது. மீண்டும் ஏற்கத் தொடங்கியது அக்டோபர் 15 அன்று. அவ்வாண்டுத் தீபாவளியோ அக்டோபர் 20! நவராத்திரிக்கு அனுப்ப எண்ணிய பொம்மைகளும் தீபாவளிக்கு எடுத்த ஆடைகளும் எத்தனை வீடுகளில் கட்டியபடியே கிடந்தன என்பதை இந்த அவை அறியும். மீண்டும் தொடங்கியபோது ஒரு மாறுதல் வந்தது. சாற்றிய மதிப்பில் 50 விழுக்காட்டுத் தீர்வையை, அனுப்புவோரிடமே பதிவுசெய்யும்போதே பெற்றுக்கொள்ளும் முறை அது. 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு அப்போதும் விலக்கு இருந்தது. விழுக்காடு என்பது அரசாங்கங்களின் பேச்சுக்கேற்ப ஏறும், இறங்கும். ஆகவே, பொதியைக் கட்டும் வாரத்திலேயே அஞ்சலகத்தில் கேட்டறிந்து செல்லுதல் வேண்டும். சென்ற ஆண்டு அண்டை வீட்டார் சொன்ன கணக்கு இவ்வாண்டு உதவாது.

அயல்நாட்டாரைமட்டும் குறை சொல்லுதலும் முறையன்று. வெளிநாட்டிலிருந்து தபாலிலும் கூரியரிலும் வரும் சிறு அன்பளிப்புகளுக்கு இருந்த சுங்க விலக்கை நம் நாடும் 2019 டிசம்பரில் நீக்கிற்று. உயிர்காக்கும் மருந்துக்கும் இராக்கிக் கயிற்றுக்குமே விலக்கு நின்றது. அன்பளிப்பு என்ற பெயரில் வணிகச் சரக்குகள் வந்து குவிந்தமையே அதற்குக் காரணம். சிலர் சொன்ன பொய்க்குப் பலர் தீர்வை கட்டுகின்றனர்.

இங்குத்தான் நாம் சொல்லவந்த முதன்மையான செய்தி இருக்கிறது. வெளிநாட்டுப் பொதியோடு செல்லும் சுங்கச் சாற்றுப் படிவத்தை நம்மவர் ஒரு சடங்காகவே கருதுகின்றனர். சிறு பொட்டலத்துக்குச் சி.என். 22, பார்சலுக்குச் சி.என். 23 என்னும் அப்படிவங்கள், 1874இல் பெர்ன் நகரில் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாட்டின்படி எல்லா நாட்டினர்க்கும் பொதுவானவை. நம் முகம் அறியாத, நம் மொழி அறியாத ஓர் அதிகாரியிடம் நமக்காகப் பேசுவது அந்தத் தாள் ஒன்றே. அது தெளிவாகப் பேசினால் பொதி நகரும். குளறினால் பொதி நிற்கும்.

‘மதிப்பைக் குறைத்து எழுதுங்கள், தீர்வை வராது’ என்று அறிவுரை கூறுவோர் எங்கும் உளர். நம் சங்க அன்பர் ஒருவர் மகளுக்கு அனுப்பிய 18,000 ரூபாய்ப் புடவையை, பொதி பெற்ற முகவரின் சொற்கேட்டு 500 ரூபாய்ப் பழந்துணி என்று எழுதினார். பொதி வழியில் தொலைந்துபோயிற்று. இழப்பீடு கேட்டபோது, ‘நீங்கள் எழுதிய மதிப்பு 500 ரூபாய்தானே’ என்ற விடையே கிடைத்தது. அதற்கு மறுமொழி ஏது? எங்கள் பார்சல் அலுவலகத்திலும் இதே நியதிதான். பொருளின் மதிப்பைச் சாற்றாது அனுப்பினால், 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டப்படி இழப்பீடு எடைக்கணக்கில் ஒரு வரம்புக்கு உட்பட்டதே. ஐயாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணிப் பின்னர்க் கவுண்டர் முன் நின்று வருந்துவோரை நாம் அன்றாடம் காண்கிறோம். பொதி தொலையாது சென்றாலும் நிலைமை நன்றன்று. பெட்டி பிரிக்கப்பட்டுப் பொய் வெளிப்படின், விளக்கம் சொல்லவேண்டியவர் அங்குள்ள நம் பிள்ளை. அந்நாட்டில் வேலைக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளையை, நம் சிக்கனத்துக்காக அதிகாரியின்முன் நிறுத்தலாமா?

மற்றொரு செய்தி. சங்கத்துத் தாய் ஒருவர் ஜெர்மனியில் பிள்ளை பெற்ற மகளுக்குப் பிரசவ லேகியம் கிளறி அனுப்பினார். படிவத்தில் ‘மருந்து’ என்று உண்மையாகவே எழுதினார். வெளிநாட்டிலிருந்து தனியார் தபாலில் மருந்து பெறுதலை ஜெர்மானியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. பொதி சுங்க அலுவலகத்திலேயே நின்று, குழந்தை கவிழ்ந்து படுக்கும் பருவத்தில் நாகபுரிக்குத் திரும்பி வந்தது. அத்தாயின் கண்ணீரைக் கண்டோர் பலர். ‘உண்மை எழுதியதால் வந்த வினை’ என்று அன்று சிலர் பேசினர். நாம் அவ்வாறு கருதவில்லை. அனுப்புமுன் கேட்டறியாமையால் வந்த வினை அது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றைச் சமையற் பொருள்களாகத் தத்தம் பெயராலேயே எழுதி அனுப்பி, கிளறும் பக்குவத்தைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால், பொய்யும் வேண்டா, கண்ணீரும் வேண்டா.

ஆகவே நாம் கைக்கொள்ளவேண்டிய முறைகளைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, பெறுபவரைக் கேட்டே அனுப்புக. அந்நாட்டில் எது தடை, தீர்வை வந்தால் யார் கட்டுவது என்பதைப் பேசி முடித்துக்கொள்க. திடீரென்று அனுப்பி மகிழ்விக்கும் ஆசை இதற்கு மட்டும் ஆகாது.

இரண்டாவது, தடைப்பொருளை விலக்குக. நம் குருமாவில் சேரும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருட் சட்டத்தின்கீழ் வருவது. அங்கே தீர்வையோடு போகாது, சிறைவரை செல்லும். நெய், பால்கோவா போன்ற பாற்பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தனியார் பொதியில் பொதுவாக ஏற்பதில்லை. ஆஸ்திரேலியா விதையையும் செடியையும் மிகக் கடுமையாகச் சோதிக்கிறது.

மூன்றாவது, பொருள்தோறும் பெயர், எண்ணிக்கை, எடை, விலை ஆகியவற்றை ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதுக. ‘வீட்டுச் சாமான்’ என்று ஒரே சொல்லில் முடித்தல் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி அழைப்பதற்கு ஒப்பாகும். ‘முறுக்கு’ என்றால் அயலார்க்கு விளங்காது. அரிசி மாவில் செய்த தின்பண்டம் என்று விளக்குக. பெறுபவரின் தொலைபேசி எண்ணை மறவாதீர்.

நான்காவது, கடை ரசீதின் படி ஒன்றைப் பொதியிலும் மற்றொன்றை வீட்டிலும் வைத்துக்கொள்க. தீர்வை தவறாக விதிக்கப்பட்டதாயின், முறையிட்டுத் திரும்பப் பெற நாடுகள் பல வழி வைத்துள்ளன. ரசீது இல்லாதவர்க்கு அவ்வழி திறவாது.

ஐந்தாவது, பொதியை ஒப்படைக்க இயலாவிடில் திருப்பியனுப்புவதா, கைவிட்டதாகக் கொள்வதா என்று கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர். திரும்பி வருவதற்கும் கூலி கேட்கப்படலாம். பொருளின் மதிப்பை எண்ணி முடிவு செய்க.

சட்டம் என்றாலே ஈரமற்றது என்று எண்ணவேண்டா. அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் அனுப்புவோர் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று அந்நாடு 2002இல் இயற்றிய சட்டத்தின் வழியே விதி வகுத்தது. ஆயின் ஒருவர் தம் வீட்டில் தாமே செய்து, அன்பளிப்பாகத் தனியொருவர்க்கு அனுப்பும் பண்டத்துக்கு அம்முன்னறிவிப்பு வேண்டா என்றும் அவ்விதியிலேயே எழுதினர். பாட்டி தன் கையால் பிழிந்த முறுக்குக்கும் கடையில் வாங்கிய முறுக்குக்கும் உள்ள வேற்றுமையை அயல்நாட்டு விதிநூலும் அறிந்திருக்கிறது! அவ்வேற்றுமையை அதிகாரி அறியவேண்டுமானால், ‘வீட்டில் செய்தது, அன்பளிப்பு’ என்னும் சொற்களை நாம் படிவத்தில் எழுதவேண்டும். எழுதாத உண்மை எவர்க்கும் தெரியாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் மூத்தோர் பலர் ஆங்கிலப் படிவத்தின் முன் தயங்கி நிற்கின்றனர்; தயக்கத்தால் யாரோ ஒரு முகவர் எழுதிய பொய்யின்கீழ்க் கையொப்பமிடுகின்றனர். சங்கப் படிப்பகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இளைஞர் இருவர் அமர்ந்து, பொதி அனுப்புவோர்க்குப் படிவம் நிரப்பித் தரலாம். அந்தந்த நாட்டு வரம்புகளைத் தேதியிட்டு எழுதிச் சுவரில் ஒட்டி, மாறும்போதெல்லாம் திருத்தலாம். கட்டுதலும் எடைபோடுதலும் நம் அன்றாடத் தொழிலாதலின், அதற்கு நாமும் வந்து நிற்கச் சித்தமாயிருக்கிறோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு மேசையும் ஒரு தராசும் போதும்.

பிள்ளைகள் நெடுந்தொலைவில் இருக்கின்றனர். நாம் அனுப்பும் பொதி அவர்க்கு மகிழ்ச்சியாகச் சென்று சேரட்டும். கடனாகவும் கவலையாகவும் சேரவேண்டா. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.