ஈரம் இருக்கும்போதே பூசுங்க

இன்னைக்கு ஒரு சின்ன டப்பாவைப் பத்திப் பேசப் போறோம். எந்த கம்பெனி பெட்ரோலியம் ஜெல்லியா இருந்தாலும் நமக்கு அது வாஸ்லின்தான்.

1859ல ராபர்ட் செஸ்பரோங்கிற கெமிஸ்ட் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போறார். அங்க பம்பு கம்பியில மெழுகு மாதிரி ஒண்ணு ஒட்டித் தொல்லை கொடுக்குது. வேலையாட்களோ அதையே எடுத்து வெட்டுக்காயத்துல பூசிக்கிறாங்க. அதைச் சுத்தப்படுத்தி 1872ல பேட்டன்ட் வாங்கினார்.

இதுல மருந்துன்னு எதுவும் கிடையாது. ஈரத்தையும் தராது. தோல்ல இருக்கிற ஈரம் ஆவியாகாம மூடி போடும், அவ்வளவுதான். எங்க எம்.ரெட்டியபட்டி ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காட்டுல, மழை பெஞ்ச ஈரம் காயிறதுக்குள்ள விதைச்சாகணும். பித்தவெடிப்பும் அப்படித்தான். காஞ்ச குதிகால்ல அப்பிட்டு, "கேக்கவே இல்ல"ம்பாங்க. காலைக் கழுவி, ஒத்தித் துடைச்சு, ஈரப்பதம் இருக்கும்போதே பூசணும்.

எங்க அம்மாவுக்கு சுகர். வெடிப்பைப் பத்திக் கேட்டா, "வலிக்கவே இல்லையே, விடுப்பா"ன்னாங்க. எனக்கு அந்த 'வலிக்கல'தான் பயம். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகள்கிட்ட இதைத்தான் பார்த்தார். சதை தானா அழுகல. மரத்துப்போன கால்ல அடிபடுறது தெரியாமலே நடந்து நடந்து புண்ணாகுது. அதனாலதான் தினமும் காலைப் பார்க்கிறதும், தண்ணியில ஊறவச்சு எண்ணெயோ வாஸ்லினோ தடவுறதும் தொழுநோய் சிகிச்சையில ஒரு பாடமாவே இருக்கு.

சுகர்ல கால் மரத்துப்போனாலும் இதே ஆபத்துதான். ஆனா ஒரு வித்தியாசம், சுகர்காரங்க காலை ரொம்ப நேரம் ஊறவைக்கக் கூடாது. வெந்நீர் வேண்டவே வேண்டாம், சூடு தெரியாது. விரல் இடுக்குல பூசாதீங்க, அங்க ஈரம் தங்கினா சேத்துப்புண் வரும். வெடிப்புல ரத்தமோ சீழோ இருந்தா டப்பாவை மூடிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அப்புறம், தீக்காயம் பட்ட உடனே இதைப் பூசாதீங்க. முதல்ல 20 நிமிஷம் குழாய்த் தண்ணி.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறவங்க, அம்மா அப்பா காலைத் திருப்பி உள்ளங்காலைப் பாருங்க. அவங்களால குனிஞ்சு பார்க்க முடியாத இடம் அது.