நம் தெரு இருக்கும் புத்தகங்கள்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணனின் துணிப்பையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று அவர் படிக்க. இன்னொன்று எதிரே வருகிறவருக்குக் கொடுக்க. எங்களைத் திரும்பவும் படிக்க வைத்தது அந்தப் பைதான்.

நாங்கள் பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர்கள். எழுத்துத் தெரியாமல் மூடவில்லை. பாடநூலில் கோயில் இருந்தது, குளம் இருந்தது, தேர் இருந்தது. எங்கள் தெரு இல்லை. மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனோம். அங்கே நாங்கள் வாசித்ததெல்லாம் பேருந்துப் பலகையும் கூலிக் கணக்கும்தான்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு அண்ணன் 'கருக்கு' நூலைக் கொடுத்தார். பாமா எழுதி 1992இல் வெளிவந்த தன்வரலாறு. அதிலிருப்பது தெற்கத்திப் பேச்சு. நம் தருமபுரிப் பேச்சு வேறு. ஆனாலும் அதை உரக்க வாசித்தபோது எங்களில் ஒருவரின் அம்மா கேட்டார்: "இத எழுதுனது நம்ம பொண்ணா?" அன்றிரவு அவர் தன் கதையைச் சொன்னார். அதுவரை பிள்ளைகளிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

படிப்பு நமக்குப் புதிது என்று நாங்களும் நம்பியிருந்தோம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இலேயே சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியிருக்கிறார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்த நம் மக்கள் அதை வாசித்திருக்கிறார்கள், ஆதரித்திருக்கிறார்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக எல்லை தாண்டிப் போனவர்கள் அவர்கள். பண்டிதர் 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகள் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக 1999இல் வந்தன. இடையில் 85 ஆண்டுகள். வாசிப்பை விட்டுவிட்டுத் திரும்பவும் கண்டெடுத்தது நாங்கள் சிலர் மட்டுமல்ல, ஒரு சமூகமே அப்படித்தான் கண்டெடுத்தது.

2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. வீடுகளோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. சான்றிதழ் வேலைக்கு வழி காட்டும். ஏன் கொளுத்தினார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த விடையைத் தேடித்தான் அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' நூலை எடுத்தோம். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை அது. உள்ளடக்கத்தைப் பார்த்து அழைத்தவர்களே பின்வாங்கினார்கள். அவர் தம் செலவில் அதை அச்சிட்டார். பேச விடாத பேச்சு நம் கைக்கு வந்தது புத்தகமாக இருந்ததால்தான்.

மாணவ நண்பர்களே, போட்டித் தேர்வுக் கையேடுகளை விடச் சொல்லவில்லை. வேலை வேண்டும், நன்றாகப் படியுங்கள். ஆனால் வேலை கிடைத்த நாளோடு, அல்லது கிடைக்காமல் போன நாளோடு, எங்களைப் போலப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். நாங்கள் இழந்த அந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் வீட்டிலிருப்பவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் அவர்கள் பேசுவார்கள். அதை எழுதிவையுங்கள்.

அண்ணனின் துணிப்பை இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. உள்ளே இரண்டு புத்தகங்கள். ஒன்றை இன்று நீங்கள் எடுத்துச் செல்லுங்கள்.

ஜெய்பீம்.