செயல்வழிக் கற்றலும் நமது கடமையும்



கல்விச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசுமாறு இந்நூல்நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும், நம் கண்ணெதிரே, நம் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளிலேயே நிகழ்ந்த ஒரு மாறுதலை மட்டும் எடுத்துக்கொள்வதே பிரயோஜனமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். செயல்வழிக் கற்றல் என்று நாம் வழங்கும் முறையே அது.

ஆந்திர தேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையால் உருவான ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமக் கல்வி மையத்தார், ஒரே உபாத்தியாயர் பல வகுப்புகளையும் ஒருங்கே நடத்த நேரும் சிற்றூர்ப் பள்ளிகளின் தேவையை உணர்ந்து, பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்துப் படிப்படியாக அமைத்தார்கள். அம்முறையைச் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் 2003ஆம் ஆண்டில் 13 பள்ளிகளில் தொடங்கிவைத்தார்; நான்கைந்து ஆண்டுகளுக்குள் அது தமிழகத்தின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்கும் பரவியது.

அவ்வகுப்பறையைக் கண்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நாற்காலியை விட்டிறங்கி உபாத்தியாயர் பாயில் குழந்தைகளோடு அமர்ந்திருப்பார். சுவரின் அடிப்பாகத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓர் இடம் இருக்கும். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். தன் வருகையைத் தானே குறித்துக்கொண்டு, ஏணிப்படி அட்டவணையில் தன் நிலையைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னம் பொறித்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துவருகின்ற ஐந்து வயதுக் குழந்தையின் முகத்தில் காணும் சுதந்திர உணர்ச்சியை எந்தப் பரீட்சையும் அளந்துவிட முடியாது.

ஆயினும் இம்முறையின் மகத்துவம் வேறோரிடத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். செங்கற் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ புறப்பட்ட தாய் தந்தையரோடு வெளியூர் சென்று, பல வாரங்கள் கழித்துத் திரும்பிவரும் ஏழைக் குழந்தையைப் பழைய வகுப்பு எவ்வாறு வரவேற்றது? பாடம் வெகுதூரம் போயிருக்கும். ஒன்றும் விளங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, ஏச்சுக்கும் பிரம்புக்கும் அஞ்சி, ஒருநாள் அக்குழந்தை நின்றேவிடும். நாமோ அதற்கு இடைநிற்றல் என்று பெயரிட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தோம். ஏணிப்படி முறையிலோ அக்குழந்தை எந்த அட்டையோடு போயிற்றோ அந்த அட்டையிலிருந்தே மறுபடியும் ஆரம்பிக்கலாம். வராத நாட்கள் குற்றமாகக் கருதப்படாத ஒரு பள்ளியை, வறுமை நிறைந்த நம் தேசத்தில் இதற்கு முன் யார் நினைத்துப் பார்த்தார்கள்?

அப்படியிருந்தும் இம்முறை பல ஊர்களில் வாடிப்போனதற்குக் காரணம் என்ன? ரிஷிவேலியில் கிராமத்து உபாத்தியாயர்களின் அனுபவத்தோடு கலந்து வளர்ந்த அட்டைகள், நமக்கோ அச்சடித்த கட்டுகளாகவும் மேலிடத்து ஆணையாகவும் வந்து சேர்ந்தன. போதிய பயிற்சி பெறாதவரும், ஒருவராக நின்று இரண்டு மூன்று வகுப்புகளைத் தாங்குபவரும், பதிவேடுகளை நிரப்புவதிலேயே பொழுதைப் போக்க நேர்ந்தவரும் சிரத்தை குன்றினார்கள் என்றால், அவர்களைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கின்றது. பழைய முறையின் உயிர்நாடி அதில் துடிப்பதைக் கண்டு மகிழ்கிறேன். பழைய தவறும் அதனோடு திரும்பி வந்துவிடலாகாதே என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஆகையால் பெற்றோர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் கையெழுத்திட்டுத் திரும்பாமல், வகுப்பறைக்குள் சென்று சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். உங்கள் பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்குமுன், சூளையிலிருந்து சென்ற வாரம் திரும்பிவந்த குழந்தை இப்பொழுது எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று உபாத்தியாயரிடம் கேளுங்கள். அதற்கு விடை சொல்ல அவருக்கு அவகாசம் இல்லையென்றால், இன்னோர் உபாத்தியாயரை அனுப்புமாறு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதி, ஊரார் அனைவரும் அதில் கையொப்பமிடுங்கள்.