பெண்களும் பால்வினை நோய்களும்

(மேலப்பாளையத்தில் நமது டிரஸ்ட் நடத்திய பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசை லாத்தாமார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள். எங்களுக்கும் கூச்சம்தான். ஆனால் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் உடல் சம்பந்தமான கேள்வியை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் போய்க் கேட்டார்கள். நபியவர்கள் கோபிக்கவில்லை, பதில் சொன்னார்கள். வெட்கம் தடுக்காமல் மார்க்கத்தைக் கற்றுக்கொண்டதற்காக அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் அது தெரியவந்ததால், 'அந்த மாதிரிப் பெண்களுக்கு வரும் நோய்' என்று ஊரே நிம்மதியாக இருந்துவிட்டது. பின்னாளில் அதே டாக்டரம்மாவிடம் வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கிய கௌசல்யாவுக்கும் கணவர் மூலமே தொற்று வந்தது. ஆகவே, 'நான் தொழுகிறேன், பர்தா போடுகிறேன், எனக்கு எப்படி வரும்?' என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் கணவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பயணம் போகும்போது வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் எடுக்கிறார்கள். திரும்பி வரும்போது யார் எடுக்கிறார்கள்? அவ்வளவுதான் கேட்கிறோம்.

இன்னொன்று. 'வெள்ளை படுது, பீடி சுத்துற சூடுதான்' என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கிறோம். எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. பால்வினை நோயும் அல்ல. ஆனால் துர்நாற்றம், அரிப்பு, நிறமாற்றம், அடிவயிற்று வலி, புண், கட்டி இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கிளமிடியா, வெட்டை ஆகியவை பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருந்து கருக்குழாயை அடைத்துவிடும். அப்புறம் பிள்ளை இல்லை என்று மாமியார் யாரைப் பேசுவார்? மருமகளைத்தான். மருந்து எழுதினால் கணவரும் சேர்ந்தே சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் திரும்ப வரும்.

கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் இலவசமாக ரத்தம் பார்க்கிறார்கள். மறுக்காதீர்கள். சிபிலிஸைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். பென்சிலின் ஊசியில் குணமாகக்கூடிய நோய் அது. எச்.ஐ.வி. இருந்தாலும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் தாய்க்குத் தொற்றில்லாத குழந்தை பிறக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் அது பரவாது. மையித்துக் குளிப்பாட்ட வருபவர்களும் பயந்து ஒதுங்க வேண்டாம். கையுறை அணிந்து முறையாகக் குளிப்பாட்டலாம்.

வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் பெரிய பயம். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி அந்தப் பயத்திலேயே இரண்டு வருடம் வலியோடு இருந்தார். 2017-ல் வந்த சட்டப்படி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. பரிசோதனைக்கும் நம் சம்மதம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். 1097-க்குப் போன் போட்டுப் பெயர் சொல்லாமலும் கேட்கலாம்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயங்குபவர்கள் கூட்டம் கலைந்ததும் எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். கூட வருகிறோம். எதற்காகப் போகிறோம் என்று வீட்டில் கேட்டால், பிரஷர் பார்க்க என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையாகவே பிரஷரும் பார்த்துவிட்டு வருவோம்.