உழைப்பவர் தந்த மெட்டு
(சேலத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1930-ல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து 1959-ல் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தை நாடு 'மக்கள் கவிஞர்' என்று அழைக்கிறது. அப்பெயர் அவருக்குப் பொருந்தியது எதனால்?

பள்ளியிலே அவர் கற்றது மிகக் குறைவு. மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், மீன் பிடித்தார், உப்பளத்தில் உழைத்தார். நடவுப் பாட்டும் தெம்மாங்கும் செவியில் ஏறிய பிறகே எழுதுகோல் அவர் கைக்கு வந்தது. புதுவையில் பாரதிதாசனிடம் தமிழ் பயின்றார்; விவசாயிகள் இயக்கத்தில் அரசியல் பயின்றார்.

அந்தப் பெருமையில் நமது சேலத்துக்கும் பங்குண்டு. டி. ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சின் 'பாசவலை'க்கு அவர் பாட்டெழுதினார்; படம் 1956-ல் வெளிவந்தது. 1958-ல் வந்த 'நாடோடி மன்ன'னில், ஆணும் பெண்ணும் வினாவும் விடையுமாகப் பாடும் நாட்டுப்புற முறையையே எடுத்துக்கொண்டு, விளைவித்தவனுக்கு விளைச்சலில் பங்கென்ன என்ற பொருளியலை அதில் ஏற்றினார். மெட்டு பழையது, பொருள் புதியது!

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், கென்டக்கி மாநிலத்து ஹார்லன் வட்டாரத்தில், 1931-ல் சுரங்கத் தொழிலாளர் போராடினர். சங்க அமைப்பாளர் ஒருவரைத் தேடி ஷெரிப்பின் ஆட்கள் அவர் வீட்டில் புகுந்து சோதனையிட்டனர். அவர்கள் போனபின், அவர் மனைவி பிளாரன்ஸ் ரீஸ் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பாட்டெழுதினார். அதற்கு மெட்டுத் தேடி அவர் எங்கும் போகவில்லை. அம்மக்களிடையே வழங்கிய பழைய மெட்டே கைகொடுத்தது.

நாமோ என்ன செய்கிறோம்? பேச்சாளர் வரும்வரை கூட்டம் கலையாமல் வைத்திருக்கும் கருவியாகப் பாட்டை நினைக்கிறோம். 'மோட்டார் வந்தபின் கவலைப் பாட்டு எதற்கு?' என்று கேட்போரும் உண்டு. மோட்டார் வந்தது நன்றே. மாட்டின் கழுத்தும் மனிதனின் தோளும் நோவிலிருந்து தப்பின. ஆனால் உழைப்பு ஒழிந்துவிட்டதா? விசைத்தறியின் இரைச்சலில் நெசவாளி பாட இயலாது; அதனால் அவன் துயரம் ஊமையாகிவிடுமா? அந்தத் துயருக்குச் சொல் தர வேண்டுமாயின், அவன் பாட்டன் பாடிய மெட்டு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கவலை ஓட்டிய முதியவர்களும் நாற்று நட்ட மூதாட்டிகளும் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களோடு அந்தப் பாட்டுகளும் போய்விடக் கூடாது. கைப்பேசி நம் எல்லோரிடமும் இருக்கிறது. அவர்கள் திண்ணைக்குச் செல்லுங்கள். பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலில் கேளுங்கள், தோழர்களே, பிறகு எழுதுங்கள்!