பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி: சேரன்மகாதேவி வீட்டுக்கு ஒரு நாஸ்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: "வீட்டுலயே ஒரு நாஸ் கட்டணும், எந்தப் பெட்டி வாங்கலாம்?" தெரியாதவங்களுக்கு ஒரு வரில சொல்லிடறேன். நாஸ்னா ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு சின்ன கம்ப்யூட்டர். வீட்டு நெட்வொர்க்ல எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும். வீட்ல உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் தங்களோட போட்டோ, வீடியோ, டாக்குமெண்ட்டை அதுல கொண்டு போய்ச் சேர்க்கும். 2021 ஜூன் 1-ல கூகுள் போட்டோஸ் இலவசமா அளவில்லாம வாங்கி வச்சுக்கறதை நிறுத்தினதுல இருந்தே நிறைய பேருக்கு இந்த ஆசை வந்திருக்கு. எனக்கும் அப்பதான் வந்தது. ஆனா கட்டலை. ரெண்டரை வருஷம் யூடியூப்ல பெட்டி ரிவ்யூ மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்த ரெண்டரை வருஷத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிட்டுத்தான் பெட்டிக்கு வரணும்.

எங்க ஊர் சேரன்மகாதேவி. திருநெல்வேலில இருந்து தென்காசி ரயில்ல ஏறினா பேட்டை தாண்டி வர்ற ஸ்டேஷன், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் தென் மாவட்டங்கள்ல என்ன மழை பெஞ்சதுன்னு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். மேல அணைகள்ல இருந்து திறந்து விட்ட தண்ணி, கீழ ஊருக்குள்ள பெய்ற மழை, ரெண்டும் சேர்ந்து ஆறு கரையைத் தாண்டிடுச்சு. நான் சென்னைல இருந்தேன். ராத்திரி அம்மா கூப்பிட்டாங்க: "ஏலே, தண்ணி வாசப்படி ஏறிட்டு. அரிசி, பத்திரம், நகை எல்லாம் மாடிக்கு ஏத்தியாச்சு. நீ பயப்படாத." அதுக்கப்புறம் ஒன்றரை நாள் போன் கிடைக்கலை.

ஊருக்குப் போய்ப் பார்த்தா வீட்டுக்குள்ள முழங்கால் அளவுக்குச் சேறு. பீரோவோட கீழ்த்தட்டுல, பழைய வேட்டிகளுக்கு அடியில, என்னோட 1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தது. அதுல எங்க ஆச்சியோட குரல் இருந்தது. தாத்தா பழைய டேப் ரெக்கார்டர்ல பதிஞ்ச பதினோரு கேசட்: ஆச்சி தாலாட்டு, நடவுப் பாட்டு, அவங்க கல்யாணத்துக்கு வண்டி கட்டிப் போன கதை. 2019-ல நானே உக்காந்து எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கினேன். ஆக்கி முடிச்சதும், பூஞ்சை பிடிச்சுப் போச்சேன்னு கேசட்டைத் தூக்கிப் போட்டதும் நான்தான்.

அம்மாகிட்ட கேட்டேன், "ஏம்மா இதை மேல ஏத்தலை?" அம்மா சொன்னாங்க: "நான் என்னத்தலே கண்டேன்? கருப்பா ஒரு டப்பா, அது பாட்டுக்குக் கெடந்துச்சு." அவங்க மேல என்ன தப்பு? அதுக்குள்ள அவங்க மாமியார் இருக்காங்கன்னு நான் ஒரு நாளும் சொல்லலையே.

அடுத்து நான் பண்ணதை நீங்க பண்ணாதீங்க. டிஸ்க்கை ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு லேப்டாப்ல சொருகினேன். டக், டக்னு சத்தம் வந்தது, அவ்வளவுதான். தண்ணி பட்ட டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. உள்ள சேறு காஞ்சு படிஞ்சிருந்தா, சுத்துற தட்டு மேல அது உரசி இருக்குற டேட்டாவையும் சுரண்டிடும். காய வைக்காம, ஈரத்தோட ஒரு கவர்ல போட்டு மூடி, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட அப்படியே கொண்டு போகணும். நான் கொண்டு போனப்போ திறந்து பார்த்துட்டு, "ஒண்ணும் பண்ண முடியாது சார்" சொல்லிட்டாங்க.

மிஞ்சினது 14 நிமிஷம். எப்பவோ மும்பைல இருக்குற அத்தைக்கு வாட்ஸ்அப்ல ஒரு தாலாட்டை மட்டும் அனுப்பியிருந்தேன். அவங்க போன்ல அது இருந்தது.

இதைச் சொல்றது சோகத்துக்காக இல்லை. நாஸ் பிளான் பண்றவங்க முதல்ல கேக்கறது எத்தனை டிஸ்க், என்ன ரெய்டுன்னுதான். ரெய்டு 1-னா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா. ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தும். சரிதான். ஆனா ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு. அந்த ராத்திரி என்கிட்ட நாலு டிஸ்க் போட்ட பெரிய நாஸ் இருந்திருந்தா, நாலும் ஒண்ணா முங்கியிருக்கும். தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சாலும் ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடில அழியும். எனக்கு உதவினது மும்பைல, வேற ஒரு வீட்ல இருந்த காப்பி. அதனால எந்தப் பெட்டின்னு பார்க்கறதுக்கு முன்னாடி, இன்னொரு காப்பி எந்த ஊர்ல, யார் வீட்ல இருக்கப் போகுதுன்னு முடிவு பண்ணுங்க. அதுக்கான காசை எடுத்து வச்சுட்டு மிச்சத்துல பெட்டி வாங்குங்க.

ஓலைச்சுவடிக் காலத்துலயும் இதே கதைதான். ஏடு பழசானா பார்த்துப் படியெடுக்கணும். எடுக்காத ஏடு போனது போனதுதான். உ.வே.சா. ஏடு தேடி எங்க பக்கம் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனப்போ, பழைய ஏடுகளை ஹோமத்துல போட்டு எரிச்சுட்டதா அங்க சொன்னாங்களாம். அவரே தன் வரலாற்றுல எழுதியிருக்கார். அதுல இருந்த எந்த நூலுக்காவது வேற ஊர்ல ஒரு படி இருந்திருந்தா அது தப்பிச்சிருக்கும்.

சரி, இப்ப என் பிளான். முதல்ல கணக்கு எடுத்தேன். குடும்பத்துல எல்லார்கிட்டயும் சேர்த்து 1.8 டெராபைட். கூர்ந்து பார்த்தா அதுல பாதிக்கு மேல டவுன்லோட் பண்ண படம், ஒரே வீடியோவோட மூணு காப்பி. போனா திரும்பி வராதது 210 ஜிபிதான். இந்தப் பிரிப்புக்கு ரெண்டு வாரம் ஆச்சு. மொத்த வேலையிலயும் போர் அடிக்கற பகுதி இதுதான், ஆனா இதைப் பண்ணாம பண்ற செலவெல்லாம் குத்துமதிப்புதான்.

பெட்டிக்கு, வீட்ல கிடந்த பழைய டெஸ்க்டாப்பையே வச்சுக்கலாம்னு நினைச்சேன். அது சும்மா ஓடுறப்பவே 70 வாட் இழுக்குது. ரெண்டு மாசம் நிக்காம ஓடினா 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. நம்ம ஈபில ரெண்டு மாசத்துக்கு இலவசமாக் கிடைக்கற 100 யூனிட்டை அது ஒண்ணே தின்னுட்டு ஏப்பம் விட்டுரும். அப்பா ஒத்துக்கவே மாட்டாங்க. அதனால இன்டெல் என்100 சிப் வச்ச சின்ன போர்டு, 16 ஜிபி ரேம், ரெண்டு 4 டெராபைட் டிஸ்க். சுமார் 25 வாட், ரெண்டு மாசத்துக்கு 36 யூனிட். மேல ட்ரூநாஸ் ஓடும், போட்டோவுக்கு இம்மிச். ரெண்டுமே இலவசம். ட்ரூநாஸ்ல ஸ்னாப்ஷாட் வசதி இருக்கறதால, தெரியாம அழிச்சதைக்கூட நேத்து இருந்த நிலைக்குத் திருப்பிக்கலாம்.

டிஸ்க் வாங்கறப்போ ஒண்ணு பாருங்க: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? எஸ்எம்ஆர்ல தடங்களை ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுவாங்க. ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்துல நாலு ஓட்டைத் தூக்கணும். ரெய்டுல ஒரு டிஸ்க் செத்துப் புதுசு போடறப்போ இது பாடாப் படுத்தும். நாஸுக்குன்னே வித்த டிஸ்க்குகள்லயே சொல்லாம எஸ்எம்ஆர் வச்சிருந்தது 2020-ல வெளிய வந்தது. அதனால அட்டைப்பெட்டியை நம்பாம மாடல் நம்பரைத் தேடிப் பார்த்து வாங்குங்க.

விலை இறங்கட்டும்னு ரொம்ப நாள் காத்திருக்கவும் வேண்டாம். 2011-ல தாய்லாந்து வெள்ளத்துல ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் முங்கி, உலகம் பூரா விலை எகிறிச்சு. வெள்ளத்துக்கும் டிஸ்க்குக்கும் பழைய பகை போல.

எங்க வைக்கறது? மாடில, மாமரத்து நிழல் விழற அறைல, சுவர் அலமாரில. மொட்டை மாடி ஷெட்டு வேண்டாம், எங்க ஊர் சித்திரை வெயிலுக்கு டிஸ்க் தாங்காது. கூடவே ஒரு யுபிஎஸ். வீட்ல இன்வெர்ட்டர் இருக்கேன்னு விடாதீங்க. கரண்ட் போய் அது பிடிக்கறதுக்குள்ள வர்ற கண்ணிமைப்புல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். யுஎஸ்பி வயர் உள்ள யுபிஎஸ்ஸா வாங்கினா, பேட்டரி தீரப் போறப்போ நாஸ் தானா ஒழுங்கா அணைஞ்சுக்கும்.

இன்னொரு காப்பி சென்னைல, என் ரூம்ல, ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு 4 டெராபைட் டிஸ்க். ரெஸ்டிக்னு ஒரு மென்பொருள் தினமும் ராத்திரி மாறினதை மட்டும் பூட்டுப் போட்டு இங்க அனுப்பும். ரெண்டு வீட்டையும் டெயில்ஸ்கேல் இணைக்கும். ரவுட்டர்ல போர்ட் திறந்து விடற வேலையே வேண்டாம். 2022 ஜனவரில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளாத் தேடிப் பூட்டிக் காசு கேட்டது.

முதல் தடவை முழுசா இன்டர்நெட்ல அனுப்ப முடியுமா? ஊர் வீட்டு அப்லோடு 40 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 5 எம்பி. 1.8 டெராபைட்டுக்கு நாலு நாளுக்கு மேல ஆகும், நடுவுல கரண்ட் போகாம இருந்தா. நெல்லை எக்ஸ்பிரஸ்ல பைல போட்டுக் கொண்டு வந்தா ஒரு ராத்திரி.

ஆனா சென்னை பத்தாதுன்னும் எனக்குத் தெரியும். அதே 2023 டிசம்பர்ல, எங்க ஊர் முங்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் மிக்ஜாம் புயல்ல சென்னை முங்கினது. 600 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் ஒரே மாசத்துல ரெண்டு ஊருக்கும் தண்ணி வந்தது. என் ரூம் மூணாவது மாடிங்கறது ஒரு ஆறுதல். இருந்தாலும் அந்த 210 ஜிபியை மட்டும் காசு கொடுத்து கிளவுட்லயும் வைக்கறேன். முழு 1.8-க்கும் கொடுக்க மனசு வரலை, தேவையும் இல்லை.

கடைசியா, பெட்டி மேல ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்: "ஆச்சி பாட்டு, எல்லார் போட்டோவும் இதுல இருக்கு. தண்ணி வந்தா வயரைப் பிடுங்கி இதைத் தூக்கவும்." தமிழ்ல, பெரிய எழுத்துல. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா ஏதாவது ஒரு போட்டோவைச் சொல்வாங்க, நான் சென்னை டிஸ்க்ல இருந்து அதை எடுத்து அனுப்பணும். போன மாசம் கேட்டது 2016 பொங்கல். நாலு நிமிஷத்துல போச்சு. அதுக்கு முந்தின மாசம் எடுக்க முடியலை; பாஸ்வேர்டை மாத்தினது நான், மறந்ததும் நான். இப்ப அது ஒரு பேப்பர்ல எழுதி, அம்மாவோட பத்திரப் பைக்குள்ள இருக்கு.

உங்க வீட்டுக் கணக்கு எவ்வளவு வருதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல ட்ரூநாஸ் இன்ஸ்டால் பண்றதைப் படிப்படியாப் பார்ப்போம். வர்றேன்.